கதவில் சீட்டாடியவர்கள்

இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று இரவு எங்களில் யாரும் குடித்திருக்கவில்லை. கரண்டும் போகவில்லை.

பேய்க் கதை என்றால் கரண்ட் போக வேண்டும், மழை கொட்ட வேண்டும், எங்கோ ஒரு நாய் ஊளையிட வேண்டும். நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன். இங்கே அதெல்லாம் ஒன்றும் கிடையாது. ட்யூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், நாலு பேர் கண்ணெதிரே நடந்தது. அதனால்தான் மாதக்கணக்காகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷ சர்வீஸ். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே. மேலே ஒரு போல்ட் தளர்ந்தால் கீழே நின்றுகொண்டு காதாலேயே சொல்லிவிடுவேன். உங்கள் காதில் பூச்சுற்றி எனக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி, மணி முதற்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் நாலு பேர். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, இரவு ஒன்பது மணிக்கு, மேஸ்திரி வீட்டு முன்னறையில் போக்கர் ஆடுவோம். பதினோரு வருஷப் பழக்கம். மேஸ்திரி என்றால் கட்டுகிற மேஸ்திரி இல்லை, இடிக்கிற மேஸ்திரி. பழைய கட்டடங்களை எடுத்து இடித்து, ஜன்னல், கதவு, கம்பி என்று பிரித்து விற்பவர். அடுத்தவர் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். சிரிக்கும்போதுகூட எத்தனை தடவை சிரித்தோம் என்று எண்ணிக்கொள்வார் என்று கிண்டல் செய்வோம். மூன்றாவது நான். நாலாவது என் மச்சான், என் மனைவியின் ஒரே தம்பி. அவன் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. என் மனைவிதான் வளர்த்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, “அவனும் கூட வருவான்” என்பதுதான். இப்போது இருபத்தாறு வயது. கட்டட வரைபடம் போடுகிற ஒரு அலுவலகத்தில் வேலை, ஏழாவது மாடியில். ஆறடி ஆள், அதில் பாதி வாய்தான். இருந்தும் நாங்கள் சீட்டாடக் கிளம்பும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மனைவி வாசலில் நின்று அதையேதான் சொல்வாள்.

“அவனப் பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க.”

“என்னை?”

“நீங்க தானா வந்துடுவீங்க.”

எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது. மேஸ்திரியின் மனைவி, அதாவது எங்கள் அண்ணி, முதல் நாளே அதைக் கறாராகச் சொல்லிவிட்டார். நான் கொண்டுபோகும் பழைய வாஷர்களை வைத்து ஆடுவோம். கடைசியில் தோற்றவன் டம்ளர்களைக் கழுவி, அறையைப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விதி மட்டும் சொல்கிறேன், அது தெரிந்தால் போதும். நம் முறை வரும்போது மேலே பந்தயம் வைக்க விருப்பம் இல்லை, ஆனால் ஆட்டத்தை விடவும் மனசில்லை. அப்போது வாயைத் திறக்க வேண்டியதில்லை. மேஜையை விரல் முட்டியால் தட்டினால் போதும். நாங்கள் இரண்டு முறை தட்டுவோம்.

டக்... டக்.

‘நான் இன்னும் இருக்கிறேன், அடுத்தவர் ஆடுங்கள்’ என்று அர்த்தம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எங்கள் பழைய மேஜையின் கால் உடைந்தது. மேஸ்திரி கிடங்கிலிருந்து ஒரு கதவை எடுத்துவந்தார். நல்ல கெட்டி மரம். இரண்டு இரும்புக் கால்களின் மேல் படுக்கப் போட்டார். அண்ணியின் பழைய பச்சைத் திரைச்சீலையை மேலே விரித்து ஓரத்தில் ஆணி அடித்தார். மேஜை தயார். துணியைத் தடவினால் ஓர் இடத்தில் மட்டும் விரல் லேசாக உள்ளே போகும். அது சாவித் துவாரம். அது எனக்கும் மச்சானுக்கும் நடுவில் இருந்தது.

முதல் நாளே மச்சானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வாத்தியார் மேஜையைத் தட்டினார். டக்... டக். உடனே இவன் ராகம் போட்டான்.

“தெறந்துதான் இருக்கு... உள்ள வாங்க!”

கதவைத்தானே தட்டுகிறோம்! விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து யார் தட்டினாலும் அவன் அதைச் சொல்வான். ஒன்றரை வருஷம். ஒரு ராத்திரிக்கு நாற்பது ஐம்பது தடவை இருக்கும். கொஞ்ச நாளில் எங்களுக்குச் சிரிப்பும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை, காதிலேயே விழவில்லை. மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மணி 9.10. ஆட்டம் ஆரம்பம். அன்று ஆரம்பத்திலிருந்தே யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மேஸ்திரி காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். வாத்தியார் இரண்டு தடவை நாற்காலியை மாற்றினார். நான் அடுக்கி வைத்த வாஷர்கள் தானாகச் சரிந்தன. மறுபடி அடுக்கினேன். மறுபடி சரிந்தன. மச்சான் மட்டும் வழக்கம் போல, “தெறந்துதான் இருக்கு... உள்ள வாங்க” என்று பாடிக்கொண்டிருந்தான்.

9.50. உள்ளறையில் படுத்திருந்த அண்ணி எழுந்து வந்து வாசல் கதவைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை.

“என்ன அண்ணி?”

“யாரோ தட்டுனாங்களே.”

“நாங்கதான் மேஜையத் தட்டுறோம்.”

“அது எனக்குத் தெரியாதா? இது வேற.” அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

10.25. மறுபடி வந்தார். மறுபடி திறந்தார். இந்தத் தடவை தெருவில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். விளக்குக் கம்பத்தடியில் ஒரு சைக்கிள் மட்டும் நின்றது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

10.40. வாத்தியார் சீட்டைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கணக்கு இடித்தால் இப்படித்தான் செய்வார்.

“யாரு ரெண்டு வாட்டி தட்டுறது?”

“எல்லாரும் ரெண்டு வாட்டிதானே தட்டுறோம்?” என்றேன்.

“அதைச் சொல்லல. நாம நாலு பேரு. ஒரு சுத்துக்கு நாலு தட்டு வரணும். அஞ்சு வருது.”

மூவரும் மச்சானைப் பார்த்தோம். வேறு யாராக இருக்கும்?

“அய்யோ சத்தியமா நான் இல்ல!” என்று அவன் இரண்டு கையையும் தூக்கினான். சிரித்துக்கொண்டே தூக்கினான். அதனால் நாங்கள் நம்பவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் இப்போது நான் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். என் தொழில் காது.

மேஸ்திரி தட்டினார். கனமான சத்தம், அவர் கை அப்படி.

வாத்தியார் தட்டினார். அளந்து வைத்தது போல.

நான் தட்டினேன்.

டக்... டக்.

அது மச்சான் இல்லை. அவன் அப்போது கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். சத்தம் மேஜையின் மேலிருந்தும் வரவில்லை. அடியிலிருந்து வந்தது... எனக்கும் அவனுக்கும் நடுவிலிருந்து.

“தெறந்துதான் இருக்கு... உள்ள வாங்க” என்றான் மச்சான், கடலையை மென்றுகொண்டே.

குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். எங்கள் எட்டுக் கால்கள், மேஜையின் இரும்புக் கால்கள். வேறு ஒன்றும் இல்லை.

நிமிரும்போதுதான் துணியைக் கவனித்தேன். சாவித் துவாரத்தின் மேல் பச்சைத் துணி லேசாக உள்ளே குழிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மேலே எழும்பியது.

மறுபடி குழிந்தது.

மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று எழுந்துபோய் நிறுத்தினேன். மணி 11.05. மின்விசிறி நின்றது.

துணி நிற்கவில்லை.

“என்ன மாமா, மூஞ்சியே சரியில்ல?” என்றான் மச்சான்.

நான் துணியைக் காட்டினேன். நாலு பேரும் பார்த்தோம். உள்ளே... வெளியே... உள்ளே... தூங்குகிறவர்கள் மூச்சு விடுவதுபோல் இல்லை. ஓடிவந்து நின்றவர்கள் விடுவதுபோல் இருந்தது.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஸ்திரி பக்கமாக நகர்ந்துவிட்டான்.

“எலியா இருக்கும்” என்றார் மேஸ்திரி. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஒரு விரற்கடை தடிமன் பலகைக்குள் எலி எங்கே இருக்கும்?

வாத்தியார்தான் சொன்னார். “ஒரு சுத்து மட்டும். தட்டிட்டு எல்லாரும் கையத் தலைமேல வெச்சுக்கணும்.”

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மணி 11.31.

மேஸ்திரி. டக்... டக். கை தலைமேல்.

வாத்தியார். டக்... டக். கை தலைமேல்.

நான். டக்... டக். கை தலைமேல்.

மச்சானின் கைகள் ஏற்கெனவே தலைமேல் இருந்தன. விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்திருந்தான்.

ஒரு வினாடி... இரண்டு வினாடி...

டக்... டக்.

வாஷர்கள் துள்ளின.

மச்சானின் வாய் தானாகத் திறந்தது. ஒன்றரை வருஷப் பழக்கம். “தெறந்துதான்—” என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அமைதி.

பிறகு முறை தவறிய ஒரு தட்டு.

டக் டக்.

உடனே இன்னொன்று. டக் டக். டக் டக். அவன் மீதியைச் சொல்வதற்காகக் காத்திருப்பதுபோல.

மேஸ்திரி எழுந்துவிட்டார். அவர் பயந்தால் கோபப்படுகிற ஆள். “என் வீட்டுல எவன்டா...” என்று துணியைப் பிடித்து இழுத்தார். ஆணிகள் தெறித்தன. சீட்டு, வாஷர், டம்ளர் எல்லாம் தரையில். கதவைத் தூக்கிச் சுவரோரமாகக் கொண்டுபோய் நிறுத்திச் சாய்த்தார்.

படுத்திருந்தவரைக்கும் அது மேஜை.

நிறுத்தியதும் அது கதவு.

அடிப்பக்கம் இப்போது எங்களைப் பார்த்து இருந்தது. முதல் தடவையாக அதைப் பார்த்தோம். அந்தப் பக்கம் கைப்பிடி கழற்றிய தடம் இல்லை. தாழ்ப்பாள் இருந்த தடமும் இல்லை. அந்தத் தடமெல்லாம் நாங்கள் துணி விரித்து ஆடிய பக்கத்தில்தான் இருந்தது. அப்படியென்றால் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது உள்பக்கம்.

சாம்பல் நிறப் பெயிண்டில் மூன்று இடங்களில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து மரம் தெரிந்தது. மூன்று வட்டம். ஒவ்வொன்றும் ஒரு கைமுட்டி அளவு.

ஒன்று என் மார்பு உயரத்தில். ஒன்று என் இடுப்புக்குக் கீழே. ஒன்று தரையை ஒட்டி.

வாத்தியார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. “நின்னுக்கிட்டு... அப்புறம் உக்காந்துக்கிட்டு... அப்புறம்...” என்றவர் நிறுத்திவிட்டார்.

மணி 11.52.

டக் டக்.

உள்பக்கம் எங்களைப் பார்த்திருந்தும், சத்தம் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. கதவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து. அங்கே ஒரு கை நுழையக்கூட இடம் இல்லை.

டக் டக். டக் டக்.

“யாருங்க அது? தெறங்களேன்!” உள்ளறையிலிருந்து அண்ணியின் குரல்.



டக் டக். டக் டக். டக் டக்.

கதவு அதிர்ந்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவன் தட்டுகிற மாதிரி இருந்தது.

நான் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டேன். ‘அவனப் பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க.’ அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருக்கலாம். கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மச்சான் அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டே, சின்னக் குரலில், ராகம் இல்லாமல் சொல்லிவிட்டான்.

“தெறந்துதான் இருக்கு... உள்ள வாங்க.”

நின்றது.

மணி 12.07.

சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. தெருவில் ஒரு வண்டி போனது. வாத்தியார்தான் முதலில் பார்த்தார். விரலால் காட்டினார்.

சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்த கதவு, ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

அன்று யாரும் டம்ளர் கழுவவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த மச்சானிடம், “ஏன்டா சொன்ன?” என்று கேட்டேன்.

“அதச் சொன்னா நிக்கும்னு தோணுச்சு மாமா. எப்பவும் நான் சொன்னதும்தானே நின்னுச்சு.”

வீட்டில் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் சாதாரணமாகப் போயின. மச்சான்கூடக் கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்திருந்தான்.

புதன்கிழமை மதியம் 3.20-க்கு எனக்குப் போன் வந்தது. மச்சானின் அலுவலகம் இருக்கிற கட்டடத்தின் காவலாளி. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வதே நான்தான். போன வாரம்தான் சர்வீஸ் செய்திருந்தேன்.

“சார், லிஃப்ட் நின்னுருச்சு. உள்ள ஏறுனது உங்க மச்சான் மாதிரி இருக்கு.”

போய்ச் சேர 3.55 ஆகிவிட்டது. கீழே விளக்கு ‘5’ என்று காட்டியது. படியேறி ஓடினேன். ஐந்தாவது மாடி ஒரு வருஷமாகக் காலி. தரையெல்லாம் தூசி. படியிலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஒரு காலடி கிடையாது. என் செருப்புத் தடம்தான் முதல் தடம். இதை நான் பிறகு இரண்டு தடவை திரும்பி நின்று பார்த்தேன்.

லிஃப்ட் கதவுக்குப் பின்னால்...

டக்... டக்.

வெளிக்கதவைத் திறக்க எங்களிடம் ஒரு முக்கோணச் சாவி இருக்கும். அதைத் துளையில் வைத்தேன். திருப்பவே இல்லை. வைத்த வேகத்தில் கதவு நகர்ந்துவிட்டது. பூட்டே விழுந்திருக்கவில்லை. உள்கதவை ஒரு விரலால் தள்ளினேன். அதுவும் நகர்ந்தது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டியிருக்கவில்லை. தரைக்குச் சமமாக, மயிரிழை பிசகாமல் நின்றிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. ஒரு குழந்தை தள்ளினாலும் வெளியே வந்திருக்கலாம்.

மச்சான் மூலையில் உட்கார்ந்திருந்தான். வலது கை முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கதவின் உள்பக்கம், உட்கார்ந்த உயரத்தில், ரத்தக் கறை வட்டமாக இருந்தது.

“ஏன் மாமா அப்படிப் பண்ணீங்க?” என்றான்.

“என்னடா பண்ணேன்?”

“வெளிய நின்னுக்கிட்டு... நான் தட்டத் தட்ட... தெறந்துதான் இருக்கு, உள்ள வாங்கன்னு...”

“இப்பத்தாண்டா வந்தேன்.”

அவன் என்னையே பார்த்தான்.

“தள்ளிப் பாத்தியா?”

“எத்தனையோ தடவ. அசையவே இல்ல.” கை முட்டியை ஊதிக்கொண்டே சொன்னான், “உங்க குரல் இல்லதான். கூட மூணு நாலு பேர் சிரிச்சாங்க மாமா.”

லிஃப்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை.

அன்று மாலையே மேஸ்திரியைப் பிடித்தேன். கதவு எங்கிருந்து வந்தது? அவர் நோட்டைப் பார்த்துச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் இடித்த ஒரு பழைய அலுவலகக் கட்டடம். தரைக்கு அடியில் இருந்த தளத்தில் பழைய ஃபைல்கள் வைக்கிற அறைக் கதவு. அங்கே முன்பு வேலை பார்த்த ஒரு பெரியவர் தினமும் வந்து எதிர்ப்புறம் நின்று இடிப்பதைப் பார்ப்பாராம். அந்த அறை இடிந்த நாளோடு வருவதை நிறுத்திவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் மேஸ்திரியும் விசாரித்து அந்தப் பெரியவர் வீட்டைத் தேடிப் போனோம். கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டோம். வாசலில் திரைச்சீலைதான் தொங்கியது. உள்ளறைக்கும் திரைச்சீலை. குளியலறைக்கும் திரைச்சீலை. வசதி இல்லாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். தட்டுகிற சத்தம் கேட்டது என்று சொன்னேன். மச்சானைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் வேடிக்கையாகச் சொல்வதைச் சொல்லவே இல்லை. இதைக் கவனத்தில் வையுங்கள்.

பெரியவர் மெல்ல ஆரம்பித்தார்.

“முப்பத்தொரு வருஷம் ஆச்சு தம்பி. சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் கீழ உக்காந்து சீட்டாடுவோம். அஞ்சு பேரு. தோத்தவனுக்கு ஏதாவது ஒரு தண்டனை, வெளையாட்டுக்கு. அன்னிக்கு அவன் தோத்தான். ஃபைல் ரூமுக்குள்ள தள்ளி வெளிய தாழ்ப்பாள் போட்டோம். பத்து நிமிஷம்னு பேச்சு.”

“அப்புறம்?”

“மேல ஏதோ சத்தம், எல்லாரும் எந்திரிச்சுப் போனோம். மழை வர மாதிரி இருந்துச்சு, அப்படியே கெளம்பிட்டோம். அவங்க தெறந்து விட்டிருப்பாங்கன்னு நான் நெனச்சேன். நான் தெறந்து விட்டிருப்பேன்னு அவங்க நெனச்சாங்க. திங்கள், செவ்வாய் லீவு.”

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

“புதன்கிழமை மதியம்தான் தெறந்தாங்க” என்றார் பெரியவர்.

புதன்கிழமை மதியம். நான் அதை அப்போது நினைக்காமல் இருக்க முயற்சி செய்தேன்.

“உள்ள போனதுமே தட்ட ஆரம்பிச்சுட்டான். ரெண்டு ரெண்டாத் தட்டுவான். தட்டத் தட்ட நான் வெளிய இருந்து ஒண்ணு சொல்வேன். மத்த மூணு பேரும் சிரிப்பாங்க. அதான் அவன் கேட்ட கடைசிப் பேச்சு.”

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

பெரியவர் சொன்னார். ராகத்தோடு சொன்னார்.

“தெறந்துதான் இருக்கு... உள்ள வாங்க.”

மேஸ்திரி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த மூணு பேரும் இப்ப எங்க?” என்று கேட்டேன்.

அவர் மூன்று விரல்களை நீட்டினார். ஒவ்வொன்றாக மடக்கினார். “ஒருத்தர் குளியலறையில. ஒருத்தர் அவரோட கார்ல. ஒருத்தர் கடையோட கிடங்குல. எல்லாம் அந்த ஒரு வருஷத்துக்குள்ள.”

“கதவு பூட்டிக்கிச்சா?”

“இல்ல தம்பி. மூணுமே தெறந்துதான் இருந்துச்சு.”

அப்போதுதான் நான் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வாசல், உள்ளறை, குளியலறை. எல்லா நிலைகளிலும் கீல் கழற்றிய தடம் இருந்தது. அலமாரிக்குக்கூடக் கதவு இல்லை.

கதவை எரித்துவிடலாம் என்றார் மேஸ்திரி, திரும்பி வரும் வழியில். எரித்தால் கதவு போய்விடும். மச்சான் உள்ளே கூப்பிட்டாயிற்றே, அந்த ஃபைல் ரூம் ஆள் எங்கே போவார்? அந்தக் கதவு இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது. நாங்கள் அதற்குப் பிறகு சீட்டைத் தொடவில்லை.

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய் என் கருவிப் பையை எடுத்துவந்தாள். மச்சான் அறைக் கதவைக் கழற்றினோம். அவள் டார்ச் பிடித்தாள், நான் திருகாணிகளை எடுத்தேன். பன்னிரண்டு திருகாணி. பிறகு குளியலறை. பிறகு எங்கள் அறை. கழற்றிய மூன்று கதவுகளையும் மாடிப்படிக்கு அடியில், சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்தோம். முன்னால் ஒரு மூட்டை சிமெண்டை அணை கொடுத்தேன். மணி 11.20.

மச்சான் இப்போது ஏழு மாடியும் படியேறித்தான் வேலைக்குப் போகிறான். நன்றாகத்தான் இருக்கிறான். வாய் மட்டும் அடங்கிவிட்டது. யாராவது எதையாவது தட்டினால் இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்கிறான்.

கதவுகளைக் கழற்றிய அன்று இரவு எங்கள் வீட்டில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மூன்று பேரும் முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை விழித்தே இருந்தோம். யாரும் எழுந்து போகவில்லை.

காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பின்னால் மச்சான் அறைக் கதவு மட்டும், ஒரு பக்கம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.